பாதி விலைக்கு வந்திருக்கும் தாளவாத்திய லைப்ரரி: எடுக்கலாமா?

நான் பாவிக்கும் தாளவாத்திய சாம்பிள் லைப்ரரி, அதாவது கணினியில் வாசிக்கப் பதிந்து வைத்த அடிகளின் தொகுப்பு, பாதி விலைக்கு வந்திருக்கிறது. "அண்ணன், எடுக்கவா?" என்று அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவன் கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

மிருதங்கம், தபேலா, டோலக் மூன்றையும் அருமையாகப் பதித்திருக்கிறார்கள். கூத்து மத்தளம் இதில் இல்லை. மட்டக்களப்பில் என்னிடம் வருவதில் பாதி கூத்து மெட்டில் அமைந்த பாட்டுகள்தான், அதனால் மிருதங்கத்தின் சுருதியை இறக்கிச் சமாளிக்கிறேன்.

என் கோபமெல்லாம் மிருதங்கத்தின் இடப்பக்கத்தின் மேல். அதைத் திறந்து அடித்தால் 'தொம்' என்று கார்வை (நீளும் ஒலி) நிற்கும். அடுத்த அடிக்கு உள்ளங்கை தோலில் படிந்ததும் அது அடங்கிவிடும். ஒரே தோல், அதில் பழைய கார்வையும் மூடிய அடியும் சேர்ந்து ஒலிக்க முடியாது. இந்த லைப்ரரியில் மூடிய அடி விழுந்த பிறகும் முந்தைய தொம் கீழே முனகிக்கொண்டே கிடக்கிறது. வேகமான தாளக்கட்டில் தொம்முக்கு மேல் தொம் ஏறி மிக்ஸே சகதியாகிறது. ஈக்யூவில் (ஒலியின் கனத்த, மெல்லிய பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கீழ்ச்சத்தத்தை வெட்டினால் தொம்மும் சேர்ந்து போய்விடும். இடப்பக்க அடிகள் முழுவதையும் ஒரே சோக் குரூப்பில் (புதிய அடி விழுந்ததும் பழையது நிற்கும் ஏற்பாடு) போட்டு, வெட்டுகிற இடத்தில் 'டிக்' கேட்காதபடி சத்தம் தேய்ந்து மறைய ஒரு சின்ன ஃபேட் கொடுத்தால் சரியாகிறது. ஆனால் அது விற்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலை! அப்டேட் வரும்போதெல்லாம் திரையின் நிறம்தான் மாறுகிறது.

மெல்லிய அடிகளிலும் கஞ்சத்தனம். ஓங்கிய அடிக்கு ரவுண்ட் ராபின் (ஒரே அடியின் மாற்றி மாற்றி ஒலிக்கும் வெவ்வேறு பதிவுகள்) நிறைய, மெல்லியதற்கு இரண்டே பதிவு. வாசிக்கிறவர் கை பெரும்பாலும் மெல்லத் தட்டிக்கொண்டுதானே இருக்கும்? அங்கேதான் அதே பதிவுகள் திரும்பத் திரும்ப ஒலித்து மெஷின்கன் சத்தம் வருகிறது. 1980இல் ரோஜர் லின்னின் எல்எம்-1 டிரம் மெஷின் வந்தபோது ஓர் அடிக்கு ஒரு பதிவு என்று இருந்ததற்கு, மெமரி விலை என்ற நியாயம் இருந்தது. இன்று என்ன நியாயம்?

அப்புறம், மனிதர் வாசித்ததுபோல ஆக்குவதாகச் சொல்லும் அந்த 'ஹியுமனைஸ்' குமிழ். அது அடிகளைக் கண்டபடி முன்னும் பின்னும் தள்ளும், வெலோசிட்டியை (அடியின் பலத்தை) கலைக்கும், அவ்வளவுதான். கூத்தாடும் வட்டக்களரியில் மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரை, கூத்தைப் பழக்கி நடத்துபவரை, கவனித்துப் பாருங்கள். அவர் கண் ஆடுகிறவரின் காலில் இருக்கும். ஆட்டத்தை முடித்துவைக்கும் தீர்மான அடிகள் நெருங்க கை முந்தும், முடிந்ததும் தளரும். அதில் கண்டபடி என்று எதுவுமே இல்லை. நான் குமிழைப் பூச்சியத்தில் வைத்து, தட்டி வாசிக்கும் பேட்டில் கையால் வாசித்து, அடிகளைத் தாளக் கட்டத்துக்கு இழுத்து நேராக்கும் குவாண்டைஸை 50 வீதத்தோடு நிறுத்துகிறேன். தீர்மானத்துக்கு முன் டெம்போவை இரண்டு மூன்று பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற கணக்கு) ஏற்றுகிறேன். மேலே ஒரே ஒரு நிஜச் சல்லரியை (கூத்துத் தாளத்தை) கையால் தட்டிப் பதிந்துவிட்டால், கீழே இருப்பது சாம்பிள் என்று காது சந்தேகப்படுவதே இல்லை.

இவ்வளவு திட்டினாலும், தபேலாவின் இடப்பக்கத்தில் மணிக்கட்டால் இழுக்கும் அந்த வளைவு! சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டில் போலியாகச் செய்யாமல், ஒவ்வோர் இழுப்பையும் தனித்தனியே வாசித்துப் பதித்திருக்கிறார்கள். இரவில் ஹெட்போனில் கேட்டால் மெய் சிலிர்க்கும். அதற்காகவே நான் இதை அழிக்கமாட்டேன்.

ஆனால் தம்பி, நீ எடுக்காதே. உனக்கு வேண்டியது கூத்துச் சத்தம். அந்தக் காசில் நல்ல மைக் ஒன்றை வாங்கு. ஓர் அண்ணாவியாரிடம் போய், கூலியைக் குறைக்காமல் கொடுத்து, ஒவ்வோர் அடியையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று பத்துப் பத்துத் தடவை பதிந்து வா. மெல்லிய அடியை இன்னும் கூடக் கேட்டு வாங்கு. ஃபேனை நிறுத்திவிட்டுப் பதி. மாரி தொடங்க முன் போ, ஈரம் ஏறினால் தோல் இளகிச் சுருதி நிற்காது.