மெட்ரிக்கா, அரசா, சிஸ்டர் பள்ளியா?

நான்கு வருடம் மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்தேன். இப்போது பதினோரு வருடமாகக் கத்தோலிக்கக் கன்னியர்கள், அதாவது சிஸ்டர்கள், நடத்தும் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன். நான் கிறிஸ்தவர் இல்லை. அதனாலேயே, வேலை தேடும் பி.எட். பிள்ளைகள், இந்த மூன்றில் எதில் சேரலாம் என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

முதலில் சம்பளம். மெட்ரிக்கில் நிர்வாகம் தருவதுதான். நான் இருந்த இடத்தில் மே மாதம் கையை விரித்துவிடுவார்கள். உதவிபெறும் பள்ளியில், ஒப்புதல் பெற்ற பணியிடத்துக்கு அரசே சம்பளம் தருகிறது. ஆளை எடுப்பது நிர்வாகம். சிறுபான்மையினருக்கு அரசியல் சட்டப் பிரிவு 30(1) தரும் உரிமையில் அதுவும் அடங்கும். ஆனால் நியமனத்துக்குக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் வர வேண்டும். எனக்குப் பதினாறு மாதம் ஆனது. அதுவரை நிர்வாகம் கொடுத்த சின்னத் தொகைதான். வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லாதவர்கள் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் இந்த இழுபறி இல்லை. தேர்வு, காத்திருப்பு, கலந்தாய்வில் எந்த ஊரோ என்ற கவலை உண்டு. அங்கே நான் வேலை பார்த்ததில்லை. தோழிகள் சொல்லிக் கேட்டதுதான்.

சரி, என்னை இங்கே நிறுத்தியது நன்னெறிப் பாடவேளை. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி என்ற தங்கள் மத வகுப்புக்குப் போய்விடுவார்கள், மற்றவர்கள் என்னிடம். மார்க் இல்லை, போர்ஷன் இல்லை. மெட்ரிக்கிலும் கால அட்டவணையில் நீதிபோதனை இருந்தது. ஆகஸ்ட் பிறந்தால் கணக்கு டெஸ்ட் அதை விழுங்கிவிடும். இங்கே யார் கேட்டாலும் தலைமையாசிரியை அந்த நேரத்தைத் தர மாட்டார். "அது பிள்ளைங்க நேரம் டீச்சர்" என்பார்.

காலை ஜெபத்தில் கைகூப்பி நிற்பேன். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதிர்பார்த்ததில்லை. திருவிழா நாட்களில் வேலை கூடும். எல்லா நிர்வாகமும் இப்படித்தானா என்றால், என் பள்ளியை வைத்து மட்டும்தான் சொல்ல முடியும்.

போன வருடம் ஏழாம் வகுப்பில், "யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுங்கள், பெயர் வேண்டாம்" என்றேன். ஒரு சீட்டில் பென்சிலால் இப்படி இருந்தது: "எனக்கு போர்டு தெரியல. சொன்னா முன்னாடி உக்கார வைப்பாங்க. என் ஃபிரண்ட் பின்னாடி இருக்கா." கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, அம்மாவை வரவழைத்துக் கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். கண்ணாடி வந்த அன்று, இரண்டு பேரையும் சேர்த்தே முதல் பெஞ்சுக்கு மாற்றினேன்.