கொடிமலையைத் தாங்கும் தாள்: ஆர்ஷ் நீர்வண்ணத் தாளுடன் இரண்டு ஆண்டுகள்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கொடிமலையின் சரிவு தெரியும். தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த மலையை நான் நின்று பார்த்தேன். பார்த்ததை நீர்வண்ணத்தில் தீட்டிப் பழகவும் தொடங்கினேன். முதல் மூன்று ஆண்டுகளில் தூரிகைகளை மாற்றினேன், வண்ணப் பெட்டியை இரண்டு முறை மாற்றினேன், காணொளிகளைப் பார்த்துக் கைமுறையையும் மாற்றினேன். தாளை மட்டும் மாற்றவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் புத்தகக் கடையில் விற்கும் ஓவியத் தாளே போதும் என்றிருந்தேன். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று வகுப்பில் நூறு முறை சொன்னவனுக்கு, இந்தத் தொழிலில் சுவர் என்பது தாள்தான் என்று உறைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. கடந்த இரண்டு ஆண்டுகளாக ஆர்ஷ் தாளில் தீட்டி வருகிறேன். அது பொதுவாக நல்ல தாளா என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். பினாங்கின் ஈரக்காற்றில், நம் ஊர் மலைகளைத் தீட்ட அது எப்படி உதவுகிறது என்பதையே நான் எழுத விரும்புகிறேன்.

ஆர்ஷ் என்பது கிழக்குப் பிரான்சின் வோஜ் பகுதியில், மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே 1492-இல் தொடங்கிய காகித ஆலையின் தாள் இது. மரக்கூழ் கலவாத முழுப் பருத்தி. தாள் உருவான பின் ஜெலட்டின் கரைசலில் தோய்த்து எடுக்கிறார்கள். நெசவாளர்கள் நூலுக்குக் கஞ்சி போடுவதைப் போன்ற வேலை அது. கஞ்சி இல்லாத தாள், சிந்திய மையை உறிஞ்சும் தாளைப் போல, வண்ணத்தை அப்படியே விழுங்கிவிடும். ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது என்பதால் சைவ உணவில் கண்டிப்பு உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. நான் வாங்குவது கோல்ட் பிரஸ் எனப்படும் நடுத்தரச் சொரசொரப்பு உள்ள வகை. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை. 23-க்கு 31 செண்டிமீட்டர் அளவில் இருபது தாள்களை ஓரங்களில் பசையிட்டு ஒட்டிய பிளாக்.

மலை ஓவியம் கற்றுத்தரும் காணொளிகளில் பெரும்பாலானவை பனிச் சிகரங்களைப் பற்றியவை. அங்கே வானம் தெளிவு, பாறை கூர்மை, நிழல் ஒரு கோடு போட்டாற்போல விழும். அவற்றைப் பார்த்துக் கொடிமலையைத் தீட்டியதால்தான் என் பழைய படங்களில் மலை வெட்டி ஒட்டிய அட்டையைப் போல நிற்கிறது. கொடிமலையின் உயரம் 833 மீட்டர்தான். அடி முதல் முடி வரை காடு. காற்றில் நீராவி மிகுதி என்பதால் ஐரோப்பியப் படங்களில் பத்து மைல் தொலைவில் வரும் வெளுப்பு இங்கே இரண்டாவது மலைமுகட்டிலேயே வந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்கு அந்த மலைக்கு விளிம்பே கிடையாது. அதன் மேல்பகுதி மேகத்தோடும், கீழ்ப்பகுதி மரங்களுக்கிடையிலிருந்து எழும் ஆவியோடும் கலந்திருக்கும். விளிம்பில்லாத ஒன்றைத் தீட்ட வேண்டுமானால் தாள் நெடுநேரம் ஈரமாக, அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஈரமாக இருக்க வேண்டும். இந்தத் தாளின் முழு மதிப்பும் அந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது.

முதலில் அகலத் தூரிகையால் வெறும் தண்ணீரைத் தாள் முழுவதும் இரண்டு முறை பூசி, ஜன்னலுக்கு எதிரே சாய்த்துப் பார்ப்பேன். கண்ணாடி போன்ற பளபளப்பு மெல்ல அடங்கி, முட்டை ஓட்டின் மங்கலான மினுமினுப்புக்கு வரும்போது வண்ணம் வைக்க வேண்டும். அல்ட்ராமரைன் நீலத்தில் சிறிது பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பைக் கலந்தால் மழைமேகச் சாம்பல் கிடைக்கும். அதை முகட்டு வரிசையில் வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துவிட வேண்டும். வெந்நீரில் இறங்கும் தேயிலைச் சாயத்தைப் போல வண்ணம் தானே கீழ்நோக்கிக் கரைந்து செல்லும். மரக்கூழ்த் தாளில் இந்த இடத்தில்தான் எனக்குத் தோல்வி வரும்: தண்ணீர் மேலே தேங்கி, ஓர் ஓரம் முந்திக் காய்ந்து, பூக்கோசு போன்ற கறை விழுந்துவிடும். பருத்தித் தாள் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. எனக்குப் பத்து நிமிடத்திற்குக் குறையாமல் அவகாசம் கிடைக்கிறது. கண்ணும் கையும் மெதுவாகிவிட்ட வயதில் அது பெரிய சலுகை.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். அல்ட்ராமரைன் நிறமியின் துகள்கள் இத்தாளின் சிறு பள்ளங்களில் சென்று தங்குகின்றன. காய்ந்த பின் அருகில் வைத்துப் பார்த்தால் நீலம் மணல்மணலாகத் தெரியும். தூரத்துக் காட்டின் இலைக்கூட்டம் அதில் தானாகவே அமைந்துவிடுகிறது. தோட்டப்புற லயத்து வீட்டில் என் பாட்டி வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலக்கட்டியும் இதே நிறமிதான் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். வேட்டியை அலசிய வாளியின் அடியில் படிந்து கிடந்த அந்த நீல வண்டலை இப்போது மலையடிவாரத்தில் பார்க்கிறேன்.

தஞ்சோங் தோக்கோங் கடற்கரையிலிருந்து வானம் தெளிந்த காலையில் வடக்கே ஜெராய் மலையைப் பார்க்கலாம். 1,217 மீட்டர் உயரமுள்ள, பழைய மாலுமிகளுக்குக் கரை காட்டிய, நம்மவர் கடாரம் என்று சொல்லும் மண்ணின் மலை. அதைத் தீட்டுவதற்கு வேறு திறன் வேண்டும்: கடலுக்கு மேலே ஒரே பூச்சில், கோடு விழாமல், இடமிருந்து வலமாக ஓர் இளநீலம். இந்தத் தாளில் அந்தப் பூச்சு தடையின்றி ஓடுகிறது. காய்ந்த பிறகு, பிழிந்த தூரிகையால் உச்சியில் மெல்ல ஒற்றியெடுத்தால் ஒரு மேகம் கிடைக்கும். நான்கைந்து முறை ஒற்றினாலும் தாளின் மேற்பரப்பு பஞ்சாகப் பிரிவதில்லை. ஆனால் தாலோ வகை நீலம், பச்சை ஆகியவற்றை இதில் ஒற்றியெடுக்கவே முடியாது, அவை சாயமாக ஏறிவிடும். மலைக்கு அவை தேவையும் இல்லை என்பது என் கருத்து.

இனி ஈரக்காற்றின் கதை. சென்ற ஆண்டு இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் விலை குறைவாகக் கிடைத்ததால் இரண்டு பிளாக்குகள் வாங்கினேன். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. முதல் தாளில் தண்ணீர் பூசி வண்ணம் வைத்தவுடன் மலைச்சரிவு முழுவதும் தேமல் படர்ந்ததைப் போலக் கரும்புள்ளிகள் தோன்றின. அந்த இடங்களில் ஜெலட்டின் கெட்டுப் போயிருந்தது. தாள் அங்கே மட்டும் வண்ணத்தை உறிஞ்சிக்கொண்டது. இரண்டு பிளாக்குகளிலும் இதே கதைதான். இது தாளைச் செய்தவர் குற்றமன்று. கிடங்கில் எத்தனை மழைக்காலத்தை அது பார்த்ததோ தெரியாது. விற்பனையாளரோ, பிரித்துப் பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று பதில் எழுதிவிட்டார். தண்ணீர் பூசாமல் இந்தக் குறை வெளிப்படாது. தண்ணீர் பூசினால் பயன்படுத்திய பொருளாகிவிடும். கணக்கு வாத்தியாருக்கே விடை தெரியாத கணக்கு அது. அதற்குப் பின், ஜார்ஜ் டவுனில் குளிர்சாதனம் ஓடும் கடையில் நேரில் சென்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிளாக் மட்டும் வாங்குகிறேன். வீட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட பெரிய பிஸ்கட் டின்னில் அது இருக்கிறது. பிரித்த பிளாக்கை ஓராண்டுக்குள் தீர்த்துவிடுவதும் நல்லது.

காயும் நேரமும் காணொளிகளில் சொல்வதைப் போல இங்கே இருக்காது. அடைமழை நாளில் முதல் பூச்சுக்கும் இரண்டாம் பூச்சுக்கும் இடையே மின்விசிறிக் காற்றிலேயே முக்கால் மணி நேரம் ஆகிறது. இரயிலேறி உச்சிக்குப் போய் மேலே உட்கார்ந்து தீட்டினால் இன்னும் மோசம். ஒருமுறை காலை பத்து மணிக்கு வைத்த பூச்சு, நான் பசியாறி, கோப்பி குடித்து, இரண்டு முறை நடந்து வந்த பிறகும் ஈரமாகவே இருந்தது. தொடக்கத்தில் முடி உலர்த்தும் கருவியைப் பிடித்துக் காயவைத்தேன். அப்படிக் காய்ந்த படங்களில் நீலம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தது. இப்போது காத்திருக்கிறேன். தீட்டும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே மிகுதி என்பதால், அந்த முக்கால் மணி நேரத்தில் மலையை மட்டும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. மேகம் எந்த மடிப்பில் முதலில் நுழைகிறது, வெயில் ஏறும்போது எந்த முகடு முதலில் பச்சையாகிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவந்தது. பள்ளிக்கூட வாழ்க்கையில் மணி அடித்தால் அடுத்த வகுப்பு. ஒரு வேலை தானே பழுத்து வரட்டும் என்று விட்டுவைக்க அங்கே இடமில்லை. படைப்பு வாழ்க்கை என்று பெரிய வார்த்தை சொல்கிறார்களே, எனக்கு அது இந்தக் காத்திருப்பாகத்தான் வந்து சேர்ந்தது.

இதே ஊரில் இதே ஈரத்தில் தீட்டியவர்களை அப்போது நினைத்துக்கொள்வேன். குச்சிங்கில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த யோங் முன் சென் (1896–1962) புகைப்பட நிலையம் நடத்திக்கொண்டே நீர்வண்ணம் தீட்டினார். அப்துல்லா அரிஃப் (1904–1962) பள்ளி ஆசிரியர். ஆயர் ஈத்தாமில் நான் நாள்தோறும் கடக்கும் சாலைக்கு அவர் பெயர்தான். ஓய்வு பெற்ற பிறகுதான் ஓவியத்திற்கு நேரம் கிடைத்தது என்று நான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அந்தப் பெயர்ப்பலகையின் அடியில் பேருந்துக்கு நிற்கும்போது அந்தச் சாக்கு எடுபடுவதில்லை.

விலைக்கு வருவோம். ஒரு பிளாக் நூறு ரிங்கிட்டுக்கு மேல் போகிறது. முதல் பிளாக்கை வாங்கி வந்த அன்று என் மனைவி மேசையில் கிடந்த ரசீதைப் பார்த்துவிட்டு, “ஒரு தாளு காசுல கோழியோட நாசி கண்டார் சாப்பிடலாம் போலிருக்கேங்க” என்றார். கணக்கு சரிதான். அந்தக் கணக்கு மனத்தில் ஏறியதால் முதல் ஒரு மாதம் நான் தூரிகையைத் தொடவே இல்லை. தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். மலிவான தாளில் துணிந்து தீட்டிய கை, நல்ல தாளின் முன் நடுங்கியது. தாளின் தரத்தைப் பேசும் மதிப்புரைகள் இந்த நடுக்கத்தைப் பேசுவதில்லை. நான் கண்ட வழி எளியது: பிளாக்கின் முதல் நான்கு தாள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, பதினாறு சிறு துண்டுகளில் ஒரே மலைமுகட்டைப் பதினாறு காலைகளில் தீட்டினேன். இரண்டு பக்கமும் தீட்டத் தக்கவை என்பதால் கெட்டுப்போன துண்டுகளின் மறுபக்கமும் பயன்பட்டது. பன்னிரண்டாம் காலைக்கு மேல் விலை நினைவுக்கு வரவில்லை.

சிறு அசௌகரியங்கள் சில உண்டு. நனைந்தவுடன் ஜெலட்டினின் வாடை எழும். மூக்கு கூர்மையானவர்களுக்கு அது பிடிக்காது. பிளாக்கின் பசை உறுதியானது. பசையில்லாத சிறு இடைவெளியில் மொக்கையான வெண்ணெய்க் கத்தியை விட்டு மெதுவாகச் சுற்றிவர வேண்டும், கூரான கத்தி அடுத்த தாளையும் கீறிவிடும். மேல்தாள் நன்றாகக் காயும் வரை அடுத்த தாளைத் தொட வழியில்லை என்பதால் மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு படம்தான். மலிவான மரக்கூழ்த் தாளை நான் முற்றாகக் கைவிட்டுவிடவும் இல்லை: கட்டடங்கள், பேருந்து நிறுத்தம், மாமாக் கடை மேசை என்று விளிம்புள்ளவற்றைக் கோட்டோவியமாகப் போட்டு நிறம் தொட அதுவே வசதி. புதிதாகத் தொடங்குவோர் பெரிய வண்ணப் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, மூன்று வண்ணக் குழாய்களும் இந்தத் தாளில் பாதி அளவு பிளாக்கும் வாங்கட்டும் என்பேன்.

இரண்டு ஆண்டுகளில் நான்கு நல்ல பிளாக்குகள் தீர்ந்திருக்கின்றன. வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிய படங்கள் ஒன்பது. தேமல் விழுந்த அந்த இரண்டு பிளாக்குகளின் தாள்களை என் மனைவி எடுத்துக்கொண்டார். இன்று காலை சந்தைக்குக் கொண்டுபோன துண்டின் ஒரு பக்கத்தில் அரைகுறையாகக் கொடிமலை. மறுபக்கத்தில் சீரகம், பெருங்காயம், முருங்கைக்காய் இரண்டு கட்டு. பேனா மை கொஞ்சமும் பரவவில்லை என்று அவர் வியந்தார். அந்த மூலையில் மட்டும் கஞ்சி கெடாமல் இருந்திருக்கிறது.