பழைய .22 ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் குழலுக்குள் பாருங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் முதன்முறையாகத் துப்பாக்கி உரிமம் எடுத்து, முயல் தொல்லைக்காகப் பழைய .22 (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) ரைஃபிள் ஒன்று வாங்க நினைக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு விற்கப்பட்ட ரைஃபிளின் குழல் உள்ளே வீங்கியிருந்தது. விற்றவருக்கு அது தெரியும் என்பதுதான் என் முடிவு. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை; வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. கையாண்ட தந்திரங்களைச் சொல்கிறேன். அவை எந்தக் கடையிலும் நடக்கக்கூடியவை.

எங்கள் நிலம் ஜீலாங்குக்கு மேற்கே, வின்செல்சி செல்லும் வழியில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் முயல் கதை தொடங்கிய ஊரே அதுதான். தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்த 24 முயல்கள் 1859 கிறிஸ்துமஸ் நாளன்று மெல்போர்னில் இறங்கி, வின்செல்சியில் அவருடைய பார்வன் பார்க் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன. அவை நாடெங்கும் பெருகிப்போனதால் 1950இல் முயலைக் கொல்லும் மிக்சோமடோசிஸ் கிருமியைப் பரப்பிப் பார்த்தார்கள். 1995இல் முயலைக் கொல்லும் இன்னொரு கிருமியான கலிசிவைரஸ் வந்தது. முயல்கள் இன்னும் இருக்கின்றன. நாங்கள் நட்ட ஆலிவ் கன்றுகளின் பட்டையை அடியோடு உரித்துத் தின்றுவிட்டு, மாலையில் வேலி ஓரம் உட்கார்ந்து எங்களையே வேடிக்கை பார்க்கும். இங்கே சட்டப்படி முயல் தீங்குயிர். அதைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் கடமை என்று 1994ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கட்டுப்படுத்தாமல் விட்டால் பக்கத்து நிலத்துக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

ஆகவே பாதுகாப்புப் பயிற்சி முடித்து, ‘ஏ’ வகை உரிமம் எடுத்து, முதல் துப்பாக்கிக்கான 28 நாள் காத்திருப்பையும் கடந்துதான் அந்தக் கடையில் ரைஃபிளை வாங்கினேன். முன்பணம் கட்டும்போதே கதை அளக்கத் தொடங்கிவிட்டார் விற்பனையாளர். ஒரே உரிமையாளராம், வயதானவராம், தோட்டத்தில் எப்போதாவது நான்கு தோட்டா சுட்டதோடு சரியாம். மேலே மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி இலவசம், குறி ஏற்கெனவே சரிபார்த்தாகிவிட்டது. முயல், நரி, கங்காரு எல்லாவற்றுக்கும் இது போதும். விலை 350 டாலர்.

இதில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கங்காரு பாதுகாக்கப்பட்ட உயிரினம். அரசின் அனுமதி இல்லாமல் அதை நோக்கிக் குறிகூட வைக்கக்கூடாது. அதை முயலோடு சேர்த்துச் சொல்லும் கடைக்காரருக்குச் சட்டம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். நரிக்கு .22 லாங் ரைஃபிள் தோட்டா மிக அருகில்தான் நம்பகமானது. ‘குறி சரிபார்த்தாகிவிட்டது’ என்பதற்கோ பொருளே இல்லை. எந்தத் தோட்டாவால் சரிபார்த்தார்கள்? வேகம் குறைந்த சப்சானிக் தோட்டா நொடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகத்தில் போகும். அதிவேகத் தோட்டா 380 மீட்டர் அளவில் போகும். இரண்டும் ஒரே இடத்தில் விழாது. எடை ஒன்றாக இருந்தாலும் ஒரு குழலுக்குப் பிடித்த தோட்டா அடுத்த குழலுக்குப் பிடிக்காது. கடைக்காரர் வேறு எதையோ சுட்டுப் பார்த்திருந்தாலும், அந்தக் குறியை உங்கள் தோட்டாவோடு நீங்கள் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

குழலைப் பார்க்க வேண்டும், போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் பகுதி) கழற்றித் தாருங்கள் என்று கேட்டேன். வாடிக்கையாளர் முன்னால் போல்ட்டைக் கழற்றுவது கடை விதிக்கு மாறானது என்றார். பிறகு விசாரித்தவரை அப்படி விதி வைத்திருக்கும் கடை எதையும் நான் பார்க்கவில்லை. மற்ற கடைகளில் கேட்கும் முன்பே கழற்றிக் கையில் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, 50 மீட்டரில் காகிதம் ஒட்டி, மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டேன். சின்னத் துளைக் கூட்டம் ஒன்று விழ வேண்டிய இடத்தில், காகிதம் முழுக்கச் சிதறல். முயலின் தலையில் உயிர்நிலை என்று கணக்கில் கொள்ளக்கூடியது நான்கைந்து சென்டிமீட்டர் வட்டம்தான். என் குண்டுகள் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இங்குமங்கும் போய்க்கொண்டிருந்தன. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். “புதிதாகச் சுடுபவர்கள் விசையை இழுக்கும்போது அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்வார்கள், பழகப் பழகச் சரியாகிவிடும்” என்றார். .22 தோட்டாவின் பின்னுதைப்பு குழந்தை தோளைத் தட்டும் அளவுகூட இருக்காது. அதற்கு யார் கண்ணை மூடுவார்கள்? ஆனால் புதியவரிடம் இந்தப் பழி எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதை நம்பித்தான் அவர்கள் பேசுகிறார்கள்.

இடையில் ஒரு முயலின் பின்னங்காலை மட்டும் உடைத்துவிட்டது இந்தத் துப்பாக்கி. அது இழுத்துக்கொண்டே வளைக்குள் போய்விட்டது. அன்றோடு காகிதத்தைத் தவிர எதையும் சுடுவதை நிறுத்திவிட்டேன்.

சுடுகழகத்தில் நெடுங்காலம் உறுப்பினராக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரும் உரிமம் உள்ளவர். வந்து, தன் கையாலே நான்கு வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார். சிதறல் மாறவில்லை. “தம்பி, உமது கையில் பிழை இல்லை. போல்ட்டைக் கழற்றும், குழலைப் பார்ப்போம்” என்றார்.

குழலுக்குள் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டுப் பார்த்தால், குண்டைச் சுழலவைக்கும் புரி வரிகள் சுழன்று ஒழுங்காகப் போய், முனைக்கு ஒரு சாண் முன்னால் ஒரு கருவளையம் தெரிந்தது. பிறகு சுத்தம் செய்யும் கோலில் இறுக்கமான துணித்துண்டைச் சுற்றி மெல்லத் தள்ளச் சொன்னார். ஒரே சீராக இறுகிப் போன கோல் அந்த இடத்தில் திடீரென்று தளர்ந்தது. அதைத் தாண்டியதும் மறுபடி இறுகியது. வலுவில்லாத தோட்டா ஒன்றின் குண்டு எப்போதோ குழலுக்குள்ளேயே நின்றுவிட்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் யாரோ அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள். முன்னால் அடைப்பு, பின்னால் அழுத்தம். இரும்பு அந்த இடத்தில் விரிந்துவிட்டது. சில நேரம் இதை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம் என்று காட்டினார்: குழலை விளக்குக்கு நேராகப் பிடித்தால் அதன்மேல் நீளமாக விழும் ஒளிக்கோடு வீங்கிய இடத்தில் நெளியும். நெளிந்தது. துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு விலைச்சீட்டு கட்டிய கை இதைப் பார்க்கவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

இலவசத் தொலைநோக்கியும் ஒரு கதை. ரைஃபிளின் மேல்பகுதியில் 11 மில்லிமீட்டர் பள்ளம். அதில் மாட்டியிருந்ததோ அதைவிட அகலமான வேறு வகைப் பொருத்துத் தளத்துக்கான பிடிவளையம். இறுக்க இறுக்கக் கழன்றது.

தோட்டா விற்ற விதம்தான் எனக்கு அதிகக் கோபம் தருவது. எங்கள் பக்கம் எரிமலைக் கல் சமவெளி. முயல்கள் குடியிருப்பதே கற்குவியல்களுக்கும் பழைய கல்வேலிகளுக்கும் இடையில். நிலம் எப்படிப்பட்டது என்று கடையில் விவரமாகச் சொல்லியிருந்தேன். அப்படிப்பட்ட தரையில், முனை மழுங்கிய திண்ம ஈயக் குண்டு கல்லில் பட்டுத் தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. .22 தோட்டா சின்னது, விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும்: ஒன்றரை மைல், அதாவது ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர் வரை ஆபத்து. முனையில் குழி உள்ள சப்சானிக் குண்டு பட்ட இடத்தில் விரிந்து ஆற்றலை அங்கேயே இழக்கும், சத்தமும் குறைவு. சாதாரண உரிமக்காரருக்கு இங்கே சைலன்சர் கிடையாது என்பதால் சத்தத்தைக் குறைக்க இதுவே வழி. என் தலையில் கட்டியது 500 தோட்டாக்கள் கொண்ட அதிவேகத் திண்மக் குண்டுப் பெட்டி. கிடங்கில் தேங்கிய சரக்கு என்று பிறகு புரிந்தது. எந்தக் குண்டாக இருந்தாலும் பின்னால் மண்மேடு இல்லாமல் சுடக்கூடாது என்பதையும் அந்த அண்ணர்தான் சொன்னார், கடைக்காரர் அல்ல.

பாதுகாப்புப் பெட்டியையும் அங்கேயே வாங்க வைத்தார்கள், ‘காவல்துறை விதிப்படியானது’ என்று. விக்டோரியாவில் பெட்டியின் எஃகு குறைந்தது 1.6 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். 150 கிலோவுக்குக் குறைவான எடை என்றால் சுவரிலோ தரையிலோ போல்ட் அடித்துப் பொருத்த வேண்டும். எங்கள் பெட்டியை அளந்தால் 1 மில்லிமீட்டர். சோதனைக்கு வரும் காவலர் முன் நிற்கப் போவது நீங்கள்தான், கடைக்காரர் அல்ல. அதற்கு இன்னொரு பெட்டி வாங்கினேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார்கள்: பழைய பொருளுக்குப் பணம் திரும்பத் தரப்படாது. இந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பி வராதீர்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி அந்தப் பலகையே தவறு. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும், அதன் வயதையும் விலையையும் கணக்கில் கொண்டு, தர உத்தரவாதம் உண்டு. குறை பெரியது என்றால் பணமா மாற்றுப் பொருளா என்று முடிவு செய்வது வாங்கியவர், கடைக்காரர் அல்ல. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் குழல் வீக்கத்தைப் பற்றி எழுத்தில் அறிக்கை வாங்கினேன். அதற்கும் செலவுதான். அறிக்கையின் நகலோடு, விக்டோரியா நுகர்வோர் விவகார அலுவலகத்தையும் வி.கேட் என்ற மாநிலக் குடிமைத் தீர்ப்பாயத்தையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினேன். அதற்கு முன்பு வரை ‘கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பேரம் பேசியவர்கள், கடிதம் போனதும் 350 டாலரைத் திருப்பினார்கள். அனுமதிக் கட்டணம், தோட்டா, பெட்டி, அறிக்கைச் செலவு எதுவும் திரும்பவில்லை. ஒரு பருவத்து ஆலிவ் கன்றுகளும் போயின.

கடைகள் துணிவதற்குக் காரணம் இருக்கிறது. துப்பாக்கியைச் சட்டைபோல் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது, கைமாற்றம் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் நடக்க வேண்டும், மறுபடி அனுமதி, மறுபடி தாள்கள். புதிதாகக் குடியேறியவர் காவல்துறைத் தாள் என்றாலே ஒதுங்கிப் போய்விடுவார் என்பது அவர்கள் கணக்கு. திருப்பிக் கொடுக்கும் வேலையில் தாள்களைக் கடையே பார்த்துக்கொண்டது. எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது.

வாங்கப் போகிறவர்கள் கைவிளக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். போல்ட்டைக் கழற்றித் தர மறுத்தால் அங்கிருந்து வெளியேறுங்கள். குழல் முனையின் விளிம்பில் வெட்டோ பள்ளமோ இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். தோட்டா அமரும் அறையின் விளிம்பில் சின்ன அடித்தழும்பு இருந்தால், தோட்டா போடாத துப்பாக்கியின் விசையை யாரோ ஓயாமல் இழுத்திருக்கிறார்கள். அதனால் சுட்டு முடித்த தோட்டாக்கூடு வெளியே வராமல் சிக்கும். சுட்டுப் பார்த்த காகிதத்தைக் கேளுங்கள், எந்தத் தோட்டா என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். புதிய .22 ரைஃபிள்களே 500, 600 டாலருக்குக் கிடைக்கின்றன. நான் இப்போது வைத்திருப்பது அப்படி ஒன்றுதான். துப்பாக்கி மட்டும் முயலைத் தீர்த்துவிடாது. வளைகளை இயந்திரம் வைத்துக் கிழித்து மூடிய பிறகு மிச்சத்துக்குத்தான் அது.

எனக்கு விற்ற ரைஃபிள் அதே கடையின் சுவரில் மறுபடி தொங்குவதாகக் கழகத்து நண்பர் ஒருவர் சொன்னார், 380 டாலர் விலைச்சீட்டோடு. ஜீலாங் பக்கம் பழைய .22 பார்ப்பவர்கள், முனைக்கு ஒரு சாண் முன்னால் கருவளையம் தெரிந்தால் அது அதுதான்.