குதிரைக்கு எண்ணெய் கொடுத்த இரண்டு ஆண்டுகள்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் நான் வாங்கிய கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை, கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி, பாலக்காடு மாவட்டத்திலிருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது நல்ல உடற்கட்டுடன்தான் இருந்தது. அடுத்த கோடையில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வெயிலும் சேர்ந்து வாட்டியதில், விலா எலும்புகளைத் தொலைவிலிருந்தே எண்ணிவிடலாம் என்ற நிலைக்கு இளைத்துவிட்டது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த மருந்து கொள்ளுதான். நானும் நாளொன்றுக்கு 1 கிலோவாக இருந்த ஊறவைத்த கொள்ளை 2 கிலோவாக உயர்த்தினேன். சதை பிடிக்கவில்லை, வயிறு உப்பி ஒருநாள் இரவு முழுதும் தரையைக் காலால் பறித்துக்கொண்டு நின்றது.

பார்க்க வந்த கால்நடை மருத்துவர் முதலில் பல்லையும் குடற்புழுவையும் பார்த்தார். கடைவாய்ப் பல்லின் கூர்முனைகளை அராவி, புழுநீக்க மருந்தும் கொடுத்த பிறகுதான் தீவனத்தைப் பற்றிப் பேசினார். தானியம் அளவுக்கு மீறினால் அதிலுள்ள மாவுச்சத்து சிறுகுடலில் முழுதும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும் என்றும், வயிற்றுவலிக்கும் குளம்பு அழற்சிக்கும் அதுவே வழி என்றும் விளக்கினார். கொள்ளில் ஒரு பகுதிக்குப் பதிலாக அவர் கொடுக்கச் சொன்ன எண்ணெயில் மாவுச்சத்து அறவே இல்லை. எடைக்கு எடை பார்த்தால் தானியத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் தருவது அது. “கொள்ளைக் குறைக்காம எண்ணெய மட்டும் ஊத்தாதீங்க சார்” என்று அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

என் அவசரத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே 200 மில்லி கடலை எண்ணெயைத் தவிட்டில் ஊற்றிப் பிசைந்து வைத்தேன். மூன்றாம் நாள் லத்தி உருண்டை கட்டாமல் குழைந்து, வெயில் பட்டால் பளபளக்கும் அளவுக்கு எண்ணெய்ப் பசையுடன் விழுந்தது; குதிரையும் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் தேங்கி நிற்காமல் ஓயாது கசிந்துகொண்டே இருப்பதால் கொழுப்பைச் செரிக்க அதனால் முடியும் என்றாலும், குடல் பழகுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். எனவே நிறுத்திவிட்டு, 20 மில்லியில் தொடங்கி நான்கு நாளுக்கு ஒருமுறை 20 மில்லி கூட்டி, ஒரு மாதத்தில் 150 மில்லிக்கு வந்து சேர்ந்தேன். அதைக் காலை மாலை இரு வேளையாகப் பிரித்தே இன்றுவரை கொடுக்கிறேன்.

உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லி என்பது பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பு. எடைமேடை இல்லாதவர்கள் நாடாவால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவை அதே சுற்றளவாலும் பிறகு நீளத்தாலும் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கிடைக்கும். எங்கள் குதிரைக்கு 160, 150 என்ற அளவுகளில் 323 கிலோ வந்தது. ஆகவே நான் கொடுப்பது வரம்பில் பாதிதான். அந்த 150 மில்லி ஏறக்குறைய 400 கிராம் கொள்ளு தரும் ஆற்றலுக்கு ஈடு என்பதால், கொள்ளை மீண்டும் 1 கிலோவுக்கே இறக்கிவிட்டேன். உப்பசம் அதன்பின் வரவில்லை.

ஆறாம் வாரத்தில் சீப்புப் போடும்போது மயிரில் மினுமினுப்புத் தெரிந்தது. மூன்றாம் மாதம் விலா கண்ணுக்கு மறைந்து, உள்ளங்கையை வைத்து அழுத்தினால் மட்டும் தட்டுப்பட்டது. எண்ணெயைப் புகழ்பவர்கள் மினுமினுப்பைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, கொள்ளைக் குறைக்க முடிந்ததுதான் பெரிய லாபம்.

எந்த எண்ணெய் என்று கேட்பவர்களுக்கு: தென்னந்தோப்பு நடுவில் இருப்பதால் தேங்காய் எண்ணெயையும் ஒரு பருவம் கொடுத்துப் பார்த்தேன். மார்கழி விடியலில் அது உறைந்து, தவிட்டுக்குள் கட்டி கட்டியாகக் கிடக்க, குதிரை கட்டிகளை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் தின்றது. விலையும் ஏறிவிட்டதால் விட்டுவிட்டேன். இப்போது கடலை எண்ணெய் 120 மில்லி, ஒமேகா-3 மிகுந்த ஆளிவிதை எண்ணெய் 30 மில்லி என்று கலக்கிறேன். எண்ணெய் கூடினால் வைட்டமின் ஈ தேவையும் கூடும் என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் 400 யூனிட் குளிகை ஒன்றை ஊசியால் குத்தித் தவிட்டின் மேல் பிழிந்துவிடுகிறேன். எண்ணெயில் புரதமோ தாது உப்போ கிடையாது. தாது உப்புக் கலவையும் வைக்கோலுடன் பசும்புல்லும் வழக்கம்போல் தொடர்கின்றன.

ஆளிவிதை எண்ணெய் மிக விரைவில் கெட்டுச் சிக்குவாடை அடித்துவிடும். சென்ற வைகாசியில் ஒரு கடையில் வாங்கிய பழைய சரக்கை நான் முகராமலே ஊற்றிவிட, குதிரை மூக்கால் தொட்டியைக் கவிழ்த்தே போட்டது. அதிலிருந்து பத்து நாள் தேவைக்கு மட்டும் வாங்கி, மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, வெயில் படாத அடுக்களை மூலையில் வைத்துக்கொள்கிறேன். ஆடி மழையில் சவாரி குறையும்போது அளவை 60 மில்லிக்கு இறக்கி, ஐப்பசி கழிந்ததும் அதே 20 மில்லிக் கணக்கில் திரும்ப ஏற்றுகிறேன்.