பதினெட்டு நாள் லீவும் ஒரு ஜப்தி நோட்டீஸும்

தோஹாவிலிருந்து மதுரைக்குப் பதினெட்டு நாள் லீவில் போயிருந்தேன். ஒரு கல்யாணம், குலதெய்வம், மீதி நாள் தூக்கம் என்று போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம், தம்பி வீட்டு மேஜையில் காய்கறிப் பைக்கு அடியில் கிடந்த பதிவுத் தபாலைப் பார்த்ததும் கலைந்துவிட்டது.

சர்ஃபேசி சட்டம், 13(2) நோட்டீஸ். கடன் நின்றுபோனால் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி வீட்டை எடுத்துக்கொள்ள வழி செய்யும் சட்டம், அதன் முதல் எச்சரிக்கை இது. அந்த வீட்டுக் கடனில் நானும் கையெழுத்துப் போட்டவன். தம்பியின் கடை படுத்ததில் ஏழு டியூ நின்றுபோயிருந்தது, மாதம் 21,600 ரூபாய். "ஒங்கிட்ட எப்படிண்ணே சொல்றது" என்று இழுத்தான். 90 நாளைத் தாண்டி டியூ நின்றாலே கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். நோட்டீஸில் கேட்டிருந்ததோ ஏழு டியூவை அல்ல. மொத்தக் கடனையும் 60 நாளுக்குள் கட்டச் சொல்லியிருந்தார்கள். அதில் 38 நாள் காய்கறிப் பைக்கு அடியிலேயே ஓடிப்போயிருந்தது.

கிளை மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "ஃபைல் மண்டல ஆபீஸுக்குப் போயிருச்சு சார், என் கையில ஒண்ணுமில்ல." மண்டல ஆபீஸில், கிளையில் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டு நாள் ஆட்டோவிலேயே போனது. நடுவில் வசூல் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, "பத்தாயிரம் கையில குடுங்கண்ணே, மேல சொல்லி நிறுத்தி வைக்கிறேன்" என்றார். தம்பி ஏற்கெனவே இரண்டு தடவை, தடவைக்குப் பதினைந்தாயிரம் கொடுத்திருக்கிறான், ரசீது இல்லாமல். ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் ஒரு பைசா ஏறவில்லை.

கோர்ட் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் பள்ளித் தோழன்தான் வழி சொன்னான். "வாயால பேசுனதெல்லாம் காத்தோட போகும், எழுதிக் குடு. பதினஞ்சு நாளுக்குள்ள அவங்க பதில் சொல்லியாகணும், சட்டத்துலயே இருக்கு." 60 நாள் தாண்டினால் வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகக் கதவில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டுவார்கள், இரண்டு பேப்பரில் விளம்பரம் வரும். அதற்குப் பிறகு 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போகலாம்தான். ஆனால் பேப்பரில் பேர் வந்தபிறகு தெருவில் எப்படி நடப்பது?

கடை மூடிய விவரம், தம்பியின் புது வேலைச் சம்பளச் சீட்டு, ஏஜென்ட்டிடம் கொடுத்த பணம், எங்களால் கட்ட முடிந்த தொகை, எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதினோம். "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கிறோம்" என்றார் தபால் வாங்குகிறவர். நகலில் சீல் வேண்டும் என்று நின்றேன். இங்க் பேடு காய்ந்து கிடந்தது. சீலை வாய்க்குப் பக்கத்தில் வைத்து "ஹா" என்று ஊதி, அழுத்திக் குத்தினார். பாதிதான் விழுந்தது, தேதி தெரிந்தது. அது போதும். பாதுகாப்புக்கு ஸ்பீட் போஸ்டிலும் ஒன்று அனுப்பினோம்.

ஆறாம் நாள் கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனுஷர்தான், பேரத்தில் கில்லாடி. முதலில் ஓ.டி.எஸ். பேசினார், அதாவது பேசி முடித்த ஒரு தொகையைக் கட்டிக் கடனையே தீர்த்துவிடுவது. ஒரே தடவையில் பெருந்தொகை புரட்ட வேண்டும், சிபில் கடன் வரலாற்றிலும் 'செட்டில்டு' என்று கறை விழும், வேண்டாம் என்றோம். "சரி, நாலு டியூ கட்டுங்க, பாப்போம்" என்றார். நல்ல வேளை, தோழன் முன்கூட்டியே எச்சரித்திருந்தான்: பாக்கி முழுவதையும் கட்டாமல் கணக்கு வாராக்கடனிலிருந்து வெளியே வராது, 2021-லேயே ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. நாலு டியூ கட்டியிருந்தால் பணமும் போயிருக்கும், நோட்டீஸும் அப்படியே இருந்திருக்கும்.

ஏழு டியூ, 1,51,200, மொத்தமாகக் கட்டுகிறோம், அபராதத்தையும் வக்கீல் செலவையும் குறையுங்கள் என்றோம். 31,000-இல் ஆரம்பித்து மூன்று டீக்குப் பிறகு 9,000-இல் வந்து நின்றது. ஐந்து வருடம் நீட்டி டியூவைக் குறைக்கக் கேட்டதற்கு மட்டும் மசியவில்லை. "ஒரு வருஷம் ஒழுங்கா கட்டுங்க, அப்புறம் பேசலாம்."

பணத்தை யார் கையிலும் கொடுக்காமல் கடன் கணக்கு எண்ணுக்கே அனுப்பினேன். ஏஜென்ட் வாங்கியதில் ஒரு பதினைந்தாயிரம் அடுத்த வாரம் எப்படியோ கணக்கில் ஏறியிருந்தது. இன்னொன்று இன்னும் வரவில்லை.

நோட்டீஸை வாபஸ் வாங்கியதாக லெட்டர் கேட்டேன். "கணக்குதான் ரெகுலர் ஆயிருச்சே, எதுக்கு?" என்றார்கள். விடவில்லை. ஒரு வழியாக வந்த லெட்டரில் தம்பியின் இனிஷியல் தப்பு. திருத்தி வாங்க இன்னொரு நாள். ஃபிளைட் அன்று காலை பத்தரைக்குத்தான் கைக்கு வந்தது. குலதெய்வம் கோயிலுக்குத் தம்பியை மட்டும் அனுப்பி வைத்தேன்.