ஐந்தாவது ரோல்

நாலு கிழமை ஊரில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். கட்டுநாயக்காவில் இறங்கினது, யாழ்ப்பாணத்துக்கு வான் பிடிச்சது, காணி உறுதி, பல்லுப் பிடுங்கினது எல்லாம் ஒரு சோலியும் இல்லாமல் முடிந்தன, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பது ஒரு மீன் ரோலைப் பற்றி. விலை 130 ரூபா. நான் நின்றபோது ஒரு கனடா டொலர் கிட்டத்தட்ட 220 ரூபா போனது, ஆகவே 60 சதம்கூட வராது. அந்த 60 சதத்துக்காக ஒரு பேக்கரியில் கால் மணித்தியாலம் நின்று சண்டை பிடித்து, வென்றும் விட்டேன்.

எல்லாத்துக்கும் காரணம் போயா, இலங்கையில் லீவு விடுகிற பௌர்ணமி நாள். 22 வருடம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பனி தள்ளினவனுக்குப் பறுவம் எப்போது வருகிறது என்று எப்படித் தெரியும்? கூட்டாளிகள் மூன்று பேர். ஒருவன் வாத்தி, ஒருவன் வங்கியில், மற்றவன் சொந்தமாக ஓட்டோ வைத்து ஓடுகிறான். பள்ளிக்கூடத்தில் நாலு பேரும் ஏஎல் வரைக்கும் ஒரே வாங்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் பாருக்குப் போவோம், பைற்ஸ் சாப்பிடுவோம், பழைய கதை கதைப்போம் என்று வாட்சப்பில் நாள் குறித்தது நான்தான். மூன்று பேரும் கட்டைவிரல் காட்டினார்கள். போய்ப் பார்த்தால் பார் இழுத்துப் பூட்டிக் கிடக்கிறது, வாசலில் ஒரு நாய் படுத்திருக்கிறது. போயா நாளில் நாடு முழுக்க ஒரு சொட்டு விற்க முடியாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், வேண்டியவன் முதல் நாளே வாங்கி வைப்பான். ஏன்டா ஒருத்தனும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ டியூட்டி ஃப்ரீயிலை போத்தல் கொண்டு வந்திருப்பாய் எண்டு நினைச்சம் மச்சான்" என்றான் ஓட்டோக்காரன்.

கொண்டு வந்த போத்தல் மாமாவிடம் போய்ச் சேர்ந்து இரண்டு கிழமை. அதைச் சொல்லவில்லை. இந்த நாட்டிலே எல்லாத்துக்கும் ஒரு சட்டம் என்று நான் புறுபுறுக்க, வாத்தி அமைதியாக, உங்கட ஒன்ராறியோவில் எப்படி என்று கேட்டான். நான் வாயை மூடிக்கொண்டேன். 2024 செப்டெம்பர் வரைக்கும் மூலைக்கடையில் ஒரு பியர் வாங்க முடியாத மாகாணத்தில் இருந்துகொண்டு போயாவைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி.

சரி, பார் இல்லையென்றால் பேக்கரி. பஸ் நிலையத்தில் இருந்து நடக்கிற தூரத்தில், நாங்கள் ரியூசன் முடிந்து போகிற அதே கடை. அப்போது பலகையில் 'வெதுப்பகம்' என்று எழுதியிருக்கும், இப்போது பளபளவென்று விளக்குப் பலகை, ஆனால் பின்பக்கத்தில் பாண் சுடுகிற அதே விறகு அடுப்பு, அதே போறணை. 2022இல் காஸ் இல்லாமல் பேக்கரிகள் பூட்டிக் கிடந்த காலத்தில் இந்தப் போறணைதான் சுற்றுவட்டாரத்துக்குப் பாண் போட்டதாம், வாத்தி சொன்னான். உள்ளே கால் வைத்ததும் அந்த மணம் வந்தது. றோஸ் பாண் கருகிற ஓரத்து மணம், அதோடு சீனிச்சம்பல், கொஞ்சம் மண்ணெண்ணெய். கண் கலங்கிவிட்டது என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், புகையாகவும் இருக்கலாம்.

தொண்ணூறுகளில் யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்தபோது மாவே வராது. வந்தால் விடியக்காலை நாலு மணிக்குக் கியூ. அந்தக் கியூவில் நின்று வளர்ந்த நாலு பேரும் இப்போது ஃபானுக்குக் கீழே கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்க, ஒரு பெடியன், இருபது வயது இருக்காது, ஒன்றும் கேட்காமலே கொண்டுவந்து வைத்தான் தட்டை.

தட்டைத் தெரியும்தானே. மீன் ரோல்ஸ், மரக்கறி ரோல்ஸ், பற்றிஸ், மீன் பணிஸ், மேலே சீனி தூவின ஒரு கிம்புலா பணிஸ், எல்லாம் ஒரே பீங்கானில் மலை மாதிரி. வேண்டியதை எடுத்துச் சாப்பிட வேண்டும், மிச்சத்தை எண்ணிப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள், மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். சின்ன வயதில் இதில் ஒரு பிழையும் தெரிந்ததில்லை. இப்போது அந்தத் தட்டைப் பார்த்தவுடன் என் தலைக்குள் ஒரு சுகாதாரப் பரிசோதகர் எழும்பி உட்கார்ந்துவிட்டார். இது எங்கள் மேசைக்கு எத்தனையாவது மேசையில் இருந்து வந்தது? எத்தனை பேர் அமுக்கிப் பார்த்திருப்பார்கள்? ஸ்காபரோ ரேக்அவுட்டில் ரோல்ஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் லைற்றுக்குக் கீழே கிடக்கும், கையுறை போட்ட ஒருவர் இடுக்கியால் எடுத்துத் தருவார். சுத்தம்தான். ஆனால் அந்த ரோலைக் கடித்தால் உள்ளே இருப்பது சூடான உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். இங்கே நான் முதல் கடி கடித்தபோது மீனும் மிளகும் கறிவேப்பிலையும் தனித்தனியாக நாக்கில் வந்து நின்றன. தலைக்குள் எழும்பின பரிசோதகர் எப்போது திரும்பப் படுத்தார் என்று தெரியவில்லை. அடுத்ததையும் எடுத்துவிட்டேன்.

கை துடைக்கத் தந்தது வழக்கம் போலக் கடதாசித் துண்டு, வெட்டின பழைய சோதனைத் தாள். வாத்திக்கு அது பெரிய சந்தோசம். யாரோ ஒரு பிள்ளையின் விஞ்ஞான விடைத்தாள், ஒளித்தொகுப்புக்குச் சமன்பாடு பிழையாக எழுதியிருக்கிறது, ஆனால் சரி போட்டிருக்கிறார்கள். எண்ணெய்க் கையோடு அதை எல்லோருக்கும் காட்டி, இப்படித்தான் படிப்பிக்கினம் என்று பத்து நிமிடம் பேசினான்.

இடையில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நல்லூர் முருகன் கோயில் திருவிழா நடக்கிற காலம். 25 நாளும் வங்கிக்காரன் விரதம், மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொட மாட்டான். பாருக்குக்கூட இஞ்சிச் சோடா குடிக்கத்தான் வருவதாக இருந்தான். வெளிநாட்டில் இருந்து நாங்கள் எல்லாம் சரியாக இந்தக் காலத்தில் வந்து இறங்கி, வீடு வீடாகக் கோழிக் கறி கேட்டு மனிசரைச் சங்கடப்படுத்துவது தனிக் கதை. அவன் மரக்கறி ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டான், பால் தேத்தண்ணி குடித்தான்.

பெடியன் வந்தான், தட்டைப் பார்த்தான், வாய்க்குள் ஏதோ கூட்டினான். பேப்பர் இல்லை, பேனை இல்லை. மொத்தக் கணக்கைச் சொல்லும்போது 'மீன் ரோல் அஞ்சு' என்றான்.

நாலு, என்றேன் நான். எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் இரண்டு, வாத்தி ஒன்று, ஓட்டோக்காரன் ஒன்று. வங்கிக்காரன் விரதம். யார் கூட்டினாலும் நாலுதான்.

"இல்லை அண்ணை, ஆறு வைச்சனான். இப்ப ஒண்டு கிடக்கு. அஞ்சு."

"அப்ப நீ அஞ்சுதான் வைச்சிருப்பாய் தம்பி."

"நான் ஆறு வைச்சனான் அண்ணை."

அவன் குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஏறியது. பில் எங்கே என்று கேட்டேன். எழுதின கணக்கு எங்கே? தட்டு வைக்கும்போது எத்தனை இருக்கிறது என்று ஏன் சொல்லவில்லை? கனடாவில் ஒரு கோப்பி வாங்கினாலும் சீட்டு வரும், அதில் நேரம், வரி, பரிமாறினவர் பெயர் எல்லாம் இருக்கும் என்று, கடவுளே, உண்மையாகவே சொன்னேன். பக்கத்து மேசைக் குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திப் பார்த்தது. ஓட்டோக்காரன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். காசு இல்லை மச்சான், இது முறை, முறையைப் பற்றிக் கதைக்கிறேன் என்றேன். வாத்தி தாளை மடித்துக்கொண்டிருந்தான். வங்கிக்காரன், நாள் முழுக்க மற்றவர்களின் கணக்கைச் சரி பார்க்கிறவன், கிம்புலா பணிஸில் ஒட்டியிருந்த சீனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காசு மேசையில் இருந்த முதலாளி தலையைத் தூக்கினார். "விடு தம்பி. அண்ணை வெளியிலையிருந்து வந்தவர். நாலு எண்டு போடு."

வெளியிலையிருந்து வந்தவர். இந்தக் கடையில் கடனுக்குப் பணிஸ் தின்று வளர்ந்தவன் நான். அந்தப் பெடியன் பிறக்க முதல் இந்தப் போறணைக்கு விறகு இறக்கிக் கொடுத்து இரண்டு பாண் கூலி வாங்கினவன். ஒன்றும் சொல்லாமல் நாலு ரோலுக்கு உரிய காசைக் கட்டி, மேலே 500 ரூபாவைத் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். 130 ரூபாவுக்குச் சண்டை பிடித்துவிட்டு 500 ரூபா சந்தோசம் வைக்கிற கணக்கு உலகத்தில் வெளிநாட்டுத் தமிழனுக்கு மட்டும்தான் விளங்கும்.

ஓட்டோவில் ஏறி ஆரியகுளம் சந்தி தாண்டவில்லை, ஓட்டோக்காரன் கண்ணாடியில் பின்னுக்குப் பார்த்தான்.

"டேய், ஆற்றை காற்சட்டையிலை எண்ணெய்? சீற் போச்சு."

வங்கிக்காரன் மெல்லப் பொக்கெற்றுக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தான். சோதனைத் தாள். உள்ளே ஒரு கடி கடித்த மீன் ரோல்.

பார்வைக்கு மீன் ரோலும் மரக்கறி ரோலும் ஒன்றுதான், பழகினவனுக்கு மட்டும் மரக்கறி ரோல் கொஞ்சம் கட்டை. கதைச் சுவாரசியத்தில் எடுத்துக் கடித்துவிட்டான், கடித்ததும் தெரிந்துவிட்டது, யாரும் பார்க்காமல் துப்பிச் சுற்றிவிட்டான். ஏன்டா சொல்லவில்லை, நான் அங்கே நின்று கத்துகிறேன் என்று கேட்டதற்கு அவன் சொன்ன நியாயம் இது:

"விழுங்கேல்லை மச்சான். விழுங்காட்டி விரதம் முறியாது. ஆனா வாய் திறந்து சொன்னா முறிஞ்சிடும்."

வாத்தி சிரித்த சிரிப்பில் ஓட்டோ ஆடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெடியன், பேப்பரும் பேனையும் இல்லாமல், ஆறு வைச்சனான் என்று நின்றானே. எனக்குத் தெரிந்த கடைகளில் மெசின் பிழை விட்டால்கூட மெசின் சொல்வதுதான் சரி. இவன் சரியாகச் சொன்னதை நான் சத்தத்தால் அழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த நாள் பார். சுருக்கமாகச் சொல்கிறேன். சாராயம் ஐந்து நிமிடத்தில் வந்தது. கச்சான், வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டுத் தேசிக்காய் பிழிந்தது, பத்து நிமிடத்தில் வந்தது. கணவாய் டெவல் வர 50 நிமிடம். அதற்குள் போத்தல் முடிந்து, கதை முடிந்து, வாத்தி அரைத் தூக்கம். மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் "வருது அண்ணை". ரொறன்ரோவில் என்றால் இதற்குள் மனேஜர் வந்து மன்னிப்புக் கேட்டிருப்பார், பிறகு கார்ட் மெசினை நீட்டி, ரிப் 18 வீதமா 20 வீதமா 22 வீதமா என்று முகத்துக்கு நேரே நின்றிருப்பார்கள். இங்கே சேவைக் கட்டணம் 10 வீதம் பில்லிலேயே விழும், மன்னிப்பு கிடையாது, ஆனால் கணவாய் வந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, பெரிய பெரிய துண்டாக வெட்டின கறிமிளகாய். கடைசித் துண்டுக்கு வாத்தி முழித்துக்கொண்டான்.

இந்த முறை நான் வாயே திறக்கவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பில் கட்டப் போனபோது ஏற்கனவே கட்டியாயிற்று என்றார்கள். வெளிநாட்டுக்காரன் இருக்கும் மேசையில் ஊர்க்காரன் பில் கட்டினதை நான் இந்த 22 வருடத்தில் கண்டதில்லை. வங்கிக்காரன் இஞ்சிச் சோடாவின் அடியை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது நாலு பேரும் திரும்பவும் அந்தப் பேக்கரிக்குப் போனோம். 130 ரூபாவைக் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், சொன்னால் ஒருவனின் விரதம் முறியும், இன்னும் தேர் முடியவில்லை. ஆகவே ஒன்றும் சொல்லாமல் அதே மேசையில் உட்கார்ந்தோம். பெடியன் கண்டான். உள்ளே போனான். தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி எண்ணினான், ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு. மீன் ரோல் ஆறு, சரியோ அண்ணை என்றான். சரி என்றேன். பிறகு மற்றக் கையில் இருந்த சின்னப் பீங்கானை, அதில் மரக்கறி ரோல்ஸ் மட்டும், வங்கிக்காரனுக்கு முன்னால் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடச் சொல்லப் போனான்.