மூன்று வருடமாகத் தலைகீழாக: மலிவான இன்வெர்ஷன் டேபிளோடு என் அனுபவம்

மூன்று வருடத்துக்கு முன் எடுத்த ஸ்கேனில், கீழ் முதுகெலும்பில் எல்4-எல்5 என்ற இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. உட்கார்ந்தே செய்கிற வேலை எனக்கு. சாயங்காலமானால் இடுப்பில் பிடித்துக்கொண்டு இடது கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கும். மாத்திரையும் ஒத்தடமும் ஓரளவுக்குக் கேட்டன. ஃபிசியோதெரபியில் முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷன் போட்டுப் படுக்க வைக்கும் நேரம் மட்டும் உண்மையிலேயே சுகமாக இருக்கும். அதையே வீட்டில் செய்துகொள்ள வழி உண்டா என்று தேடியபோதுதான் இன்வெர்ஷன் டேபிள் கண்ணில் பட்டது.

விஷயம் எளிமையானது. கணுக்காலைப் பூட்டிக்கொண்டு ஒரு பலகையில் சாய வேண்டும். பலகை நடுவில் ஒரு அச்சில் சுழலும். தலை கீழே போகப் போக, நம் மேலுடம்பின் எடையே முதுகெலும்பை இழுத்துவிடும்.

வாங்குவதற்கு முன் டாக்டரைக் கேட்டேன். முதுகைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ரத்த அழுத்தம் எவ்வளவு, கண்ணில் ஏதாவது பிரச்சினை உண்டா, இதயக் கோளாறு, பக்கவாதம் வந்ததுண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்புத் தேய்மானம் உண்டா என்றுதான் கேட்டார். தலைகீழாகும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அதனால் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. எனக்கு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் வாங்கினேன்.

விலை உயர்ந்தவற்றை எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. மலிவானவற்றிலும் மசாஜ் அதிர்வு, சூடேற்றும் மெத்தை என்று ஆசை காட்டினார்கள். நல்ல வேளை, எதிலும் மயங்காமல் மொட்டையான ஒன்றை எடுத்தேன். மயங்கவில்லை என்றால் பெரிய தெளிவு என்று நினைத்துவிடாதீர்கள், கையில் இருந்த காசு அவ்வளவுதான். அன்றைக்கு நான் பார்த்தவை தாங்கும் எடை, உயர வரம்பு, மெத்தையின் தடிமன், இந்த மூன்று மட்டும். இன்று வாங்கினால் மெத்தையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். கவிழ்வதை எந்த டேபிளும் செய்துவிடும். கவிழ்ந்தவனைச் சிரமமில்லாமல் திரும்ப எழுப்பிவிடுகிறதா என்பதில்தான் நல்லதும் கெட்டதும் தெரியும்.

இதை நான் கற்றுக்கொண்டது இரண்டாவது வாரம். என் உயரம் 172 சென்டிமீட்டர், மனைவி 158. அவள் தன் உயரத்துக்கு மாற்றிவைத்துச் செய்துவிட்டுப் போயிருந்தாள். நான் பார்க்காமல் ஏறிப் பூட்டிக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். பலகை மெதுவாகச் சாய்வதற்குப் பதில் சட்டென்று குப்புறக் கொட்டியது. கோணத்தைக் கட்டுப்படுத்தும் பட்டையை அன்று மாட்டவும் இல்லை. தலை நேர் கீழே. எழுந்திருக்க வயிற்றை எக்கித் தலையைத் தூக்கினேன், பலகை அசையவில்லை. முகமெல்லாம் ரத்தம் பாய்ந்து காது அடைத்துவிட்டது. "கையைக் கீழே கொண்டு வா!" என்று அவள் கத்திய பிறகுதான் புத்தி வந்தது. கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கியதும் பலகை தானாக மேலே வந்தது.

நடந்தது இதுதான். பாதம் நிற்கும் இடத்துக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தை நம் உயரத்துக்குத் தக்கபடி வைக்க வேண்டும். அது குறைவாக இருந்தால் உடம்பின் பாரம் அச்சைத் தாண்டித் தலைப் பக்கம் போய்விடும். கூடுதலாக இருந்தால் கால் பக்கம் கனத்து, பலகை சாயவே சாயாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கும் ஒரே அளவு சரிவராது, தொப்பையும் தோளும் ஆளுக்கு ஆள் வேறு. எனவே இந்தத் தூரத்தை மாற்றும் துளைகள் நெருக்கமாக இருக்கும் டேபிளாகப் பாருங்கள். என்னுடையதில் துளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். எனக்குப் பொருந்தும் அளவு இரண்டு துளைகளுக்கு நடுவில் எங்கோ இருக்கிறது. மூன்று வருடமாகக் கொஞ்சம் கால் கனமாகவே ஓட்டுகிறேன்.

அடுத்தது கணுக்கால். மலிவான டேபிள்களில் பெரும்பாலும் உருளையான ஃபோம் வைத்த கம்பிகள்தான் காலைப் பிடிக்கும். மொத்த எடையும் அந்த நாலு உருளையில் தொங்கும். முதல் மாதம் முதுகு வலியைவிடக் குதிகால் நரம்பு வலிதான் பெரிதாக இருந்தது. தடிமனான நீளக் காலுறையும் தட்டையான அடிப்பாகமுள்ள கான்வாஸ் ஷூவும் போட்ட பிறகு சரியானது. தடித்த சோல் வைத்த ஷூ வேண்டாம், பூட்டு முழுதாக இறங்காது. பூட்டியதும் 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். அப்புறம் பூட்டுப் பின் அதன் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, காலை ஒருமுறை இழுத்தும் பார்க்க வேண்டும். எனக்கு இது பல் தேய்ப்பது மாதிரிப் பழக்கமாகிவிட்டது. குனியாமல் பூட்டும் நீளக் கைப்பிடி உள்ள டேபிள் கிடைத்தால் கூடக் கொஞ்சம் செலவானாலும் அதையே எடுங்கள். முதுகு வலிக்காரனைக் குனிந்து பூட்டச் சொல்வது என்ன நியாயம்?

கோணம் பற்றி ஒரு கணக்கு. படுத்த நிலையிலிருந்து 30 டிகிரி தலை கீழே போனாலே உடல் எடையில் பாதி, பலகையின் நீளவாக்கில் இழுக்கிறது. 60 டிகிரியில் அது 87 சதவீதம். முதுகு மெத்தையில் உரசுவதால் உண்மையில் கிடைக்கும் இழுப்பு இன்னும் குறைவு. ஆனாலும், நேர் கீழாகத் தொங்கினால்தான் பலன் என்பதில்லை. முதல் வாரம் 20 டிகிரியில் ஒரு நிமிடம், ஒரு மாதத்தில் 45 டிகிரியில் மூன்று நிமிடம் என்று ஏற்றினேன். 60 வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப 40-க்கே வந்துவிட்டேன். அந்தக் கூடுதல் 20 டிகிரியில் முதுகுக்குக் கிடைத்ததைவிடத் தலைக்குக் கிடைத்த பாரம்தான் அதிகம்.

சரி, வலி போனதா? போகவில்லை. குறைந்தது. இறங்கியதும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு இடுப்பு லேசாக இருக்கும், கால் இழுப்பு அடங்கும். முதல் மூன்று மாதம் அந்த நேரத்தைச் சோபாவில் சாய்ந்து வீணாக்கினேன். பிறகு ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த வயிற்று, இடுப்புத் தசைப் பயிற்சிகளை அந்த வலியில்லாத நேரத்தில் செய்யத் தொடங்கினேன். மாற்றம் தெரிந்தது அதற்கப்புறம்தான். கடைசியாக மாத்திரை போட்டு ஏழெட்டு மாதமாகிறது. டேபிளா பயிற்சியா என்று கேட்டால், பயிற்சி என்பேன். டேபிள் இல்லாவிட்டால் அந்தப் பயிற்சியை ஆரம்பித்திருக்கவே மாட்டேன் என்பதும் உண்மை.

ஆராய்ச்சிகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2012-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களிடம் நடந்த சிறிய ஆய்வில், தலைகீழ் சிகிச்சை எடுத்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு அறுவை தவிர்க்கப்பட்டது, எடுக்காதவர்களில் 22 சதவீதம் பேருக்கு. விற்பவர்கள் எல்லோரும் தூக்கிப் பிடிப்பது இதைத்தான். ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. டிராக்‌ஷன் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ன் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வு, இடுப்பு வலிக்கு அதனால் பெரிய பலன் இல்லை என்றது. நானோ ஒரே ஒரு ஆள். அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழும்போது அவசரம் கூடாது. ஒருமுறை ஃபோன் அடித்தது என்று சட்டென்று நிமிர்ந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுக்கை. இப்போது படுத்த மட்டத்துக்கு வந்ததும் ஒரு நிமிடமாவது அப்படியே கிடப்பேன். வீட்டில் யாரும் இல்லாதபோது ஏறுவதில்லை.

உழைப்பு எப்படி? சட்டகம் கல் மாதிரி நிற்கிறது. எட்டாவது மாதத்தில் கணுக்கால் ஃபோம் கிழிந்தது, மாற்று ஃபோமுக்காக விற்றவர்களுக்கு எழுதினேன், பதிலே இல்லை. பைப்புகளுக்குச் சுற்றும் ஃபோம் குழாயை வெட்டி மாட்டினேன், அது பழையதைவிட மேல். மாதம் ஒருமுறை ஸ்பேனரோடு உட்கார்ந்து எல்லா நட்டையும் முறுக்கிவிடுகிறேன், இரண்டு மூன்று எப்படியும் தளர்ந்திருக்கும். மடித்துவைக்கலாம் என்று போட்டிருந்தார்கள். மடியும், ஆனால் கனத்தைப் பார்த்தால் மடிக்கத் தோன்றாது. பலகை சுழன்று, கையும் நீண்டால் எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலிலேயே அளந்துவிடுங்கள். நான் அளக்கவில்லை, முதல் நாளே விரல் முட்டி அலமாரியில் இடித்தது.

பழையது வாங்குவதும் நல்ல யோசனைதான். நாலு தடவை தொங்கிவிட்டுத் துணி காயப்போட வைத்திருப்பவர்கள் ஏராளம். வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, பூட்டுப் பின்னின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறதா, கோணப் பட்டை கூடவே வருகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள்.

அப்பாவுக்கும் ஒருமுறை தொங்கிப் பார்க்க ஆசை. "கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களே அப்பா, உங்களுக்கு வேண்டாம்" என்றேன். கண் டாக்டரும் அதையே சொல்லிவிட்டார். தம்பி தனக்கும் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னபோது, முதலில் ஒரு வாரம் என்னுடையதில் ஏறிப் பார் என்றேன். மூன்றாம் நாளே கணுக்கால் வலி தாங்கவில்லை, முதுகுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று இறங்கிவிட்டான். அவன் காசு மிச்சம்.